இரண்டு வாளி நெல்

கொம்பனித்தெருவில் எங்கட பிளட்டின் பல்கனியில் இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவுதான். போன வருஷம் அங்கே இரண்டு பெயின்ற் வாளியில் நெல் வளர்த்தோம். பக்கத்து வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். எங்களுக்கு அது ஒரு பழைய கணக்கு.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுந்தது. வருஷா வருஷம் ஒரு மூட்டை அரிசி அனுப்புற கிளிநொச்சிப் பெரியப்பா 2022இல் கால் மூட்டைதான் அனுப்பினார். “கோவிக்காதேங்கோ பிள்ளையள்” எண்டு போனில் சொன்னவர். வயலை இழந்த மனுஷன் எங்களிட்ட மன்னிப்புக் கேட்டார். அது இப்பவும் குத்துது.

கம்பஸ் வந்த பிறகு, பாரம்பரிய விதைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் எண்டு நாங்களும் கன்ரீனில் பெரிசாகக் கதைச்சிருக்கிறம். பெரியப்பாவிடமும் சொன்னோம். அவர் வாதாடேல்லை. இரண்டு பையில் விதைநெல் தந்தார்: பீஜீ 352, மொட்டைக்கறுப்பன். “போட்டுப் பாருங்கோ.”

ஒரே மண், ஒரே கூட்டுப்பசளை. ஒரு மாதத்தில் பீஜீ மஞ்சளடித்து நின்றது. மொட்டைக்கறுப்பன் பச்சையாக நின்றது. எங்களுக்கு வெற்றிதான்! பிறகு இரண்டுக்கும் கொஞ்சம் யூரியா, மனசு கேட்காமல் இன்னொரு தடவையும். பீஜீ கருகருவெண்டு கிளை வெடித்தது. மொட்டைக்கறுப்பன் பல்கனிக் கம்பிக்கு மேலே உயர்ந்து, கதிர் வந்த கையோடு ஒரு மழைக்காற்றில் அப்படியே சாய்ந்தது.

பீஜீ இனங்கள் குருநாகல் மாவட்டத்து பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐஆர் 8 மாதிரி, குட்டைத்தண்டு. நைதரசனை உறிஞ்சிக் கதிராக்கும், பாரத்தையும் தாங்கும். ஆனால் அந்தத் தீனி கிடைக்கும் எண்ட நம்பிக்கையில் தெரிந்தெடுத்த விதை அது. மொட்டைக்கறுப்பன் மழையை நம்பின மெலிந்த மண்ணில் பழகினது. குறைவாகக் கேட்கும், குறைவாகத்தான் தரும். கூடக் கொடுத்தால் தண்டு நீண்டு விழும். வர்த்தமானி பசளையை மாற்றினது, வயலில் நின்ற விதையை மாற்றேல்லை. கன்ரீனில் நாங்கள் விதையை மாற்றினோம், விளைச்சலை ஒருத்தரும் கணக்குப் பார்க்கேல்லை.

சாய்ந்த வாளியின் படத்தை அனுப்பினோம். பெரியப்பா சிரித்த சத்தம் போனில் கனநேரம் கேட்டது. இரணைமடுத் தண்ணி வாற வயலில் அவர் இப்பவும் பீஜீதான் விதைக்கிறார். மேட்டுப்பக்க மானாவாரித் துண்டில் மட்டும் மொட்டைக்கறுப்பன். அதுக்கு யூரியா காட்டுறதே இல்லையாம்.

எங்கட அறுவடை, இரண்டு வாளியும் சேர்த்து, ஒரு சுண்டு நிரம்பேல்லை.