மேல்கேள்வி கேட்குமுன்

நம் தமிழில் ‘சீட்டு’ என்னும் ஒரே சொல் இரண்டு காரியங்களைக் குறிக்கிறது. ஒன்று, பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம். மற்றொன்று, மாதந்தோறும் பணம் கட்டி ஏலத்தில் எடுக்கும் ஏலச்சீட்டு. முதலாவதை நாம் தொடுவதில்லை. இரண்டாவது இல்லாத வீடோ அரிது. ஆயினும் இரண்டிலும் மனிதனைச் சோதிக்கிற கேள்வி ஒன்றே: எதிரில் இருப்பவர் தொகையை உயர்த்திவிட்டார், நான் அதற்குமேல் உயர்த்துவதா, நிறுத்திக்கொள்வதா?

போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் ஒருவர் பந்தயத்தை உயர்த்த, மற்றவர் அதற்குமேல் உயர்த்துவதுண்டு. சிறு தொகைக்கு ஆடுவோரில் தேர்ந்தவர்களின் நியதி எளியது. தன் கையிலுள்ளதைவிடத் தாழ்ந்த சீட்டை வைத்துக்கொண்டு எதிராளி பணம் போடுவார் என்று கண்டால் மட்டுமே அவர்கள் பெரும்பாலும் மறுபடி உயர்த்துவார்கள். சிறு தொகைதானே என்று எல்லாரும் பணம் போட்டுப் பார்க்கிற இடத்தில் வெறும் மிரட்டல் பலிப்பதில்லை. ரோஷத்தினால் உயர்த்துகிறவரோ இழந்துபோகிறார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தது. ஆனால் அந்த ரோஷத்தை எந்தச் சட்டம் தடை செய்யும்? அது ஏலச்சீட்டு நடக்கிற அறையிலும் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நான் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில், மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதி வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இந்தத் தெருவில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாகப் பிழைத்து வருகிறார்கள். நம் ஊர் ஏலச்சீட்டை இங்கே ‘சிட்டி’ என்பார்கள். கேரள அரசே 1969இல் கே.எஸ்.எஃப்.இ. என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சிட்டி நடத்தி வருகிறது என்றால், அது இம்மக்களின் வாழ்வில் எவ்வளவு கலந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

என் வீட்டில் நடந்ததையே கணக்காகச் சொல்லுகிறேன். 25 பேர், மாதம் 4,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். மகளின் நர்சிங் படிப்புக்கு 75,000 ரூபாய் தேவைப்பட்டது. ஐந்தாம் மாத ஏலத்தில் ஒருவர் 20,000 தள்ளுபடிக்குக் கேட்டார். அதாவது, 80,000 கையில் கிடைத்தால் போதும் என்றார். நான் 22,000 என்று மேல்கேள்வி கேட்கலாமா?

அந்த 22,000இல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 25 பேருக்கும் பங்காகப் பிரியும். 20,000 என்றால் ஆளுக்கு 600. 22,000 என்றால் ஆளுக்கு 680. ஆகவே, நான் கூடுதலாக விட்டுக்கொடுக்கும் 2,000 ரூபாயில் எனக்குத் திரும்புவது 80 ரூபாயே. அந்த ஒரு வார்த்தையின் விலை 1,920 ரூபாய்.

காத்திருப்பதன் விலை என்ன? என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு 75,000 கிடைக்கும். ஒரு மாதத்திற்கு வட்டி 750; இரண்டு மாதத்திற்கு 1,500. மாதம் செல்லச் செல்ல, அவசரக்காரர்கள் எடுத்து முடிந்தபின், தள்ளுபடி பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். ஆகையால் நான் வாய் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து 18,000 தள்ளுபடிக்குச் சீட்டு எனக்கு விழுந்தது, 82,000 கைக்கு வந்தது, சங்கிலியும் திரும்பியது.

அடகு வைக்க ஒன்றுமில்லாமல், நூற்றுக்குப் பத்து வட்டிதான் வழி என்றிருந்தால்? ஒரு மாதத்திற்கே 7,500 போய்விடும். அப்போது 22,000 என்று கேட்பதே புத்தி. காத்திருப்பதன் விலை அதிகமானால் உயர்த்துங்கள், குறைவானால் நிறுத்துங்கள். ஆனால் இந்தக் கணக்கை வீட்டிலேயே, துணைவரோடு உட்கார்ந்து போட்டு, எல்லையை எழுதிக்கொண்டு போங்கள். ஏல அறையில் போடுகிற கணக்கு பெரும்பாலும் ரோஷம் போடுகிற கணக்கு.

இன்னும் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ஜாமீன். சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளுக்குத் தகுந்த ஈடு காட்டியாக வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டம். அச்சட்டம் கேரளத்தில் 2012இல் நடைமுறைக்கு வந்தது. பிழைக்க வந்த ஊரில் சம்பள ஜாமீன் நிற்க ஆள் கிடைப்பது எளிதல்ல. ஜாமீன் ஆயத்தமாகாமல் மேல்கேள்வி கேட்டு வென்றால், நஷ்டம் நிச்சயம். பணமோ கைக்கு வராது.

இரண்டாவது, உச்ச எல்லை. தள்ளுபடிக்குச் சட்டப்படி ஓர் உச்ச வரம்பு உண்டு. சீட்டுக்குரிய உச்ச வரம்பையே பலர் கேட்டால் குலுக்கலில்தான் ஒருவரைத் தெரிந்துகொள்வார்கள். அங்கே உங்கள் கணக்குக்கு வேலையில்லை. அந்த மாதம் கிடைக்கும் என்று நம்பிக் கல்லூரிக்கு நாள் குறிக்காதிருங்கள்.

மூன்றாவது, பொய்க்கேள்வி. தனக்குப் பணம் தேவையில்லாதபோதும், பங்குத் தொகை பெருகட்டும் என்று சிலர் கேள்வியை ஏற்றிவிடுவார்கள். எதிராளி சட்டென்று நிறுத்திவிட்டால், வேண்டாத சீட்டு இவர் தலையில் விழும். அது அவருடைய நஷ்டம். ஆனால் எதிராளி நிறுத்தமுடியாதவராக இருந்தால்? ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஏலம் கேட்கிறவர் எப்படி நிறுத்துவார்? நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு ஆயிரத்திலும் உங்களுக்கு வருவது 40 ரூபாய். அவர் கையில் குறைவது ஆயிரம் ரூபாய். நாற்பது ரூபாய்க்காகப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவரின் ஆயிரம் ரூபாயை எடுக்கத் துணிவோமா?

அருமையான வாசகரே, வருகிற மாத ஏலத்துக்கு நீங்கள் போகக்கூடும். யாரோ ஒருவர் உங்கள் தொகைக்குமேல் கேட்பார். எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது உங்கள் எல்லை எழுதிய தாளைப் பாருங்கள். பிறகு கேட்டவருடைய முகத்தைப் பாருங்கள். தாள் இடங்கொடுத்து, தேவையும் மெய்யாயிருந்தால் தயங்காமல் கேளுங்கள். இல்லையென்றால் அமைதியாயிருங்கள். அந்த அமைதியும் வீட்டுக்கு ஆதாயமே.