குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள காலனிப் பிள்ளைகளுக்கு நாங்கள் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். அவர்களில் நான்கு பேர் பள்ளி என்.சி.சி.யில் சேர்ந்தார்கள். முகாமில் துப்பாக்கி சுடக் கற்றுத் தருவார்கள் என்றதும் ஒரு மாணவியின் ஆயா பிடிவாதமாக வேண்டாம் என்றார். "துப்பாக்கின்னா எனக்குக் காரணைதான் ஞாபகம் வருது."

இளைய தோழர்களுக்கு இதை விளக்க வேண்டும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதையடுத்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம். அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. காரணை மக்கள் தங்கள் நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

ஆயாவின் பயம் அறியாமை அல்ல, அனுபவம். "நாங்களும் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றோம் ஆயா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அம்மா கையெழுத்துப் போட்டார்.

முதலில் தோட்டாவே தரவில்லை, விதிகள்தான். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். இல்லை என்றாலும் இருப்பதாகவே நினைத்து நடக்க வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கம். உத்தரவு வரும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது. இலக்குப் பலகை அருகே ஆள் இருந்தால் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஒரு பையன் விளையாட்டாக நண்பன் பக்கம் குழலைத் திருப்பினான். ஹவில்தார் உடனே அவனை வெளியேற்றினார். "காலிதான் சார்" என்றான். "காலின்னு நெனச்சுத்தான்டா ஆளைக் கொல்றாங்க" என்றார் அவர்.

பிறகு சுடும் முறை. பாயிண்ட் 22 ரைபிள், 25 மீட்டர் தூரம். குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் அழுத்தி, பாதி மூச்சை விட்டு நிறுத்தி, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். நடுப்புள்ளியைத் தொடுவது முதல் பாடம் அல்ல. ஐந்து தோட்டாவும் அருகருகே விழ வேண்டும், அதற்குப் பெயர் குரூப்பிங். ஒரே இடத்தில் தள்ளி விழுந்தால் குறிமுள்ளைத் திருத்தலாம். சிதறி விழுந்தால் சுடுபவர்தான் திருந்த வேண்டும்.

சுடும் நாளில் எங்கள் நால்வரின் பெயரும் பலகை தூக்கும் பட்டியலிலும் காலிக் குப்பி பொறுக்கும் பட்டியலிலும் இருந்தன. "தோட்டா கம்மி" என்றார்கள். எதை வைத்து ஆள் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சத்தம் போடாமல் கேட்டோம். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த அணியில் நால்வரும் சுட்டார்கள். அந்த மாணவியின் ஐந்து தோட்டாவும் ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்கும்படி விழுந்திருந்தன.

இதற்காக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி நேர்காணலுக்குப் போகும் வழி உண்டு. அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். ஆனால் 'போர்க்குணமுள்ள இனம்' என்று சில சாதிகளை மட்டும் தூக்கிப்பிடித்த வெள்ளையர் அரசு 1890களில் மகர்களுக்கு ராணுவக் கதவை மூடியது. 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது. யார் சுட வேண்டும், யார் குப்பி பொறுக்க வேண்டும் என்பதையும் சாதிதான் தீர்மானித்து வந்திருக்கிறது.

துப்பாக்கி எடுத்துப் பழிவாங்கச் சொல்லவில்லை, தோழர்களே. ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுட்டவர் பொறுப்பு. அந்தக் கணக்கைக் கற்றவர்கள்தான் அதிகாரத்திடமும் கணக்குக் கேட்க முடியும்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண் ஆயாவிடம் முதல் விதியைச் சொன்னாள்: "காலித் துப்பாக்கியைக்கூட மனுசங்க பக்கம் திருப்பக் கூடாது ஆயா."

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இந்தச் சட்டம் அன்னைக்குச் செங்கல்பட்டுல இல்லியாம்மா?"

ஜெய்பீம்.