மாயாபந்தர்: உறுமும் காரும் நீளும் காடும்

பழைய கார் வாங்குபவர் அதன் சத்தத்தைப் பிரித்தறியாமல் இங்கிருந்து கிளம்புவது ஆபத்து

வடக்கே ஆஸ்டின் நீரிணை, சுற்றிலும் அலையாத்திக் காடுகள். நடு அந்தமானின் வடகோடியில் இருக்கிறது மாயாபந்தர். பக்கத்தில் வெபி கிராமம். 1925ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் ஊர். வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தமிழர்கள் என்று பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் வட்டாரம் இது. நீரிணையின் மீது 2002ல் கட்டப்பட்ட செங்கப்பா பாலம் 2004 பூகம்பத்தில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. அதைத் தாண்டினால் திக்லிபூர் போகலாம்.

தெற்கே போவதுதான் சிரமம். ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) சுமார் 240 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஹம்ப்ரி நீரிணையில் பாலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு, மிடில் ஸ்ட்ரெயிட்டிலிருந்து ஜிர்காடாங் வரை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. குறித்த நேரத்தில், அணிவகுப்பாக, போலீஸ் காவலோடுதான் வாகனங்கள் போகலாம். முந்தக்கூடாது, நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. சாலையின் இந்தப் பகுதியை மூடும்படி சுப்ரீம் கோர்ட் 2002லேயே உத்தரவிட்டது. ஆனாலும் போக்குவரத்து ஓயவில்லை. நிற்கவே கூடாத இடத்தில் இன்ஜின் படுத்துவிட்டால் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல, காட்டின் அமைதிக்கும் தொல்லை.

ஆகவே இங்கே செகண்ட் ஹேண்ட் கார் பார்ப்பவர், முதலில் குளிர்ந்த இன்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி பல குறைகளை மறைத்துவிடும்.

அடுத்த கேள்வி, அதிர்வு எதோடு ஏறுகிறது? நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் மாறுகிறதென்றால் குறை இன்ஜின் பக்கம். ஓடும்போது மட்டும், வேகத்தோடு கூடுகிறதென்றால் டயர், வீல் பேலன்ஸ், ஆக்ஸில் பக்கம் பார்க்க வேண்டும்.

ஐடிலிங்கில் ஸ்டீரிங்கும் சீட்டும் நடுங்கி, சற்று ரேஸ் கொடுத்ததும் அடங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் மீது சந்தேகம். இன்ஜினை நிறுத்தும்போது 'டொக்' என்று ஓர் உதறல் வந்தால் சந்தேகம் வலுக்கும். சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் ரப்பர் கிழிந்துவிடுகிறது. ஒன்று போனால் மற்றவற்றின் மீதும் பாரம் ஏறும்.

இன்ஜினே விட்டுவிட்டுக் குலுங்கி, சைலன்சரில் 'பக் பக்' என்று இடைவெளி விழுந்தால் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் காயில் இணைப்பையும் மெக்கானிக் மாற்றி மாற்றிக் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. அதன் பிளக்கையும் காயிலையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றும்போது கோளாறும் இடம் மாறினால் செலவு குறைவு. மாறாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும்.

கடலோர ஊரில் துருவுக்குப் பஞ்சமில்லை. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தகரம் தடதடத்தால், இன்ஜின் ஆறிய பிறகு சைலன்சரையும் அதன் பிடிகளையும் ஆட்டிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். இன்ஜினின் மேல்பகுதியில் மெல்லிய 'டிக் டிக்' கேட்டால் முதலில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும், பிறகுதான் டேப்பெட்.

அடிவயிற்றிலிருந்து கனத்த 'டக் டக்' கிளம்பி, பாரம் ஏறும்போது அதிகரித்தால் அது பேரிங்காக இருக்கக்கூடும். உடனே இன்ஜினை அணைப்பதே நல்லது. மவுண்டிங்கைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம்; பேரிங் என்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் தலைநகரிலிருந்தோ, கப்பலில் சென்னையிலிருந்தோ வர வேண்டும். அதுவரை காத்திருப்பது அலுப்புதான். ஆனால் 'டக் டக்' கேட்கும் காரோடு அணிவகுப்பில் சேருவதை விட, மாயாபந்தரிலேயே சில நாள் தங்கி கர்மாடாங் கடற்கரையைப் பார்ப்பது மேல்.