1/72 அளவில் கான்சாகிபு சண்டை

மக்களே, இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த சண்டைப் புராணம் இன்னைக்கு :-)

நம்ம செட்டுல போர் வரலாறு பிடிக்கும்னு யாராவது சொன்னா, அது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போராத்தான் இருக்கும். என் அலமாரியிலயும் ஸ்பிட்ஃபயர் விமானமும் டைகர் டாங்கும்தான். ஆனா அந்த ஆர்வத்துக்கு நார்மண்டி வரைக்கும் போகவேண்டியதில்லை. கம்பத்துல மதுரை பஸ் ஏறினா போதும். தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி தாண்டி மதுரைக்குள்ள நுழையும்போது, காளவாசல் பக்கம் சம்மட்டிபுரத்துல கான்சாகிபு பள்ளிவாசல் இருக்கு. மருதநாயகம் என்கிற யூசுப்கான் அடக்கமான இடம். 1764 அக்டோபர் 15-ல் அவரைத் தூக்கில் போட்டாங்க. பயம் தீராம உடம்பை வெட்டி, தலையைத் திருச்சிக்கும் கைகளைப் பாளையங்கோட்டைக்கும் கால்களை எங்க பெரியகுளத்துக்கும் அனுப்பினதா சொல்றாங்க. ஊருக்கு ஊர் இந்தக் கதை கொஞ்சம் மாறும்.

படமாப் பார்க்கலாம்னா வழியில்லை. கமல் 1997 அக்டோபர்ல எலிசபெத் ராணியையே கூட்டிவந்து தொடங்கின ‘மருதநாயகம்’ பணமில்லாம நின்னுபோச்சு. அதனால புத்தகம்தான் கதி. எஸ்.சி.ஹில் 1914-ல் எழுதின ஆங்கிலப் புத்தகம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. வெள்ளைக்காரர் எழுதினதுதான்; ஆனா கம்பெனியோட கடிதங்களை வெச்சு எழுதினது. மறுபக்கத்துக்கு, நா.வானமாமலை பதிப்பிச்ச ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடல் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. அந்த சுகமே தனி.

படிச்ச சூட்டோட மதுரைக் கோட்டையை மாடலா செய்ய உட்கார்ந்தேன். கோட்டைக்கு 72 கொத்தளம், ஒரு பாளையத்துக்கு ஒண்ணுன்னு மரபு. எங்க போடியும் அந்த 72 பாளையத்துல ஒண்ணு. மாடல் உலகத்தோட பிரபல அளவும் 1/72! ஆறடி ஆள் ஒரு அங்குலமா நிற்பான். ஆனா கோட்டை ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டாலும், 1/72-ல் 14 மீட்டர் வரும். நம்ம ஹால் தாங்காது. அதனால ஒரு கொத்தளம், கொஞ்சம் மதில், அகழி மட்டும். நிஜக் கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிச்சுட்டார். இடிச்ச இடத்துலதான் இன்னைக்கு வெளி வீதிகள் ஓடுது.

தெர்மோகோல், சாக்பவுடர், ஃபெவிகால்னு ரெண்டு மாசம் போச்சு. சிப்பாய்களுக்கு வண்ணம் பூசும்போதுதான் ஒண்ணு உறைச்சது. முகத்துக்கு ஒரே பாட்டில் பெயிண்ட் போதும். மதில் மேல நிக்கிறவனும் கீழே ஏணி தூக்கிட்டு வர்றவனும் நம்ம ஊர்க்காரங்கதான். கம்பெனியோட சிப்பாய்ப் படைக்கே தளபதியா இருந்தவர்தானே யூசுப்கான்!

ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா ஒருநாள் வந்தார். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு மாடலைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். “பீரங்கியெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்துடா வருது?”ன்னார்.

நான் திரும்பப் புத்தகத்தை எடுத்தேன். அந்தக் கேள்வியோட படிச்சா, யூசுப்கானோட வாழ்க்கையே வேற மாதிரி தெரியுது. 1750-களில் திருச்சி முற்றுகையில் அவர் பேர் வாங்கினதே உணவு வண்டிகளைக் காப்பாத்தியும், எதிரியோட வண்டிகளை மடக்கியும்தான். 1758-59-ல் லாலி சென்னையை முற்றுகையிட்டப்போ, வெளியே சுத்திக்கிட்டு பிரெஞ்சுக்காரங்களுக்கு வர்ற பொருளைத் தடுத்ததும் அவர்தான். கூட நின்னு சண்டை போட்டவர் பிரஸ்டன் என்கிற கம்பெனி அதிகாரி.

அதே பிரஸ்டன் 1764-ல் மதுரைக்கு வெளியே நின்னார், யூசுப்கானைப் பிடிக்க. ஜூன்ல நடந்த பெரிய தாக்குதல் தோத்து, காயம்பட்டே செத்தும் போனார். மதிலை உடைக்க முடியலை. அதுக்கப்புறம் காம்பெல், கோட்டைக்குள்ள தானியம் போகாம அடைச்சுட்டார். உள்ளே பசி. பசியோட சேர்ந்து பயம். அக்டோபர் 13-ல் திவான் சீனிவாசராவ், ஹக்கீம் பாபா சாகிப், பிரெஞ்சுக்காரன் மார்ஷான் மூணு பேரும் சேர்ந்து தங்கள் தலைவரையே கட்டிப்போட்டுக் கொடுத்துட்டாங்க. அவர் கையாண்ட வித்தையே அவர்மேல திரும்பிச்சு.

‘பார்டர்’ மாதிரி படத்துல பீரங்கி முழக்கம் காதைக் கிழிக்கும், நானும் விசில் அடிப்பேன். பசியை எப்படி விசிலடிச்சுப் பார்க்கிறது? கடையில விக்கிற கிட்லயும் அதுக்குப் பிளாஸ்டிக் துண்டு கிடையாது. இதுக்காக இந்தப் பொழுதுபோக்கை விடப்போறதில்லை, டைகர் டாங்க் அங்கேயேதான் இருக்கும். ஆனா இப்போ எந்தப் போர்ப் புத்தகத்தைப் பிரிச்சாலும், முதல்ல சோத்து வண்டி எந்தப் பாதையில வருதுன்னுதான் மேப்பில் தேடுறேன். பாதிச் சண்டை அங்கேயே புரிஞ்சுடுது.

மாடல்ல ரெண்டு மாட்டுவண்டி சேர்த்திருக்கேன். தீக்குச்சியில சக்கரம், பழைய வேட்டித் துணியில நெல்மூட்டை. அகழிக்கு இந்தப் பக்கம், காம்பெலோட ஆளுங்க மடக்கி நிறுத்தியிருக்காங்க. பெரியப்பாவுக்குப் போட்டோ காட்டினேன். “மாடு கொஞ்சம் இளைச்சிருக்கணும்டா”ன்னார் :-)

உங்க ஊர்ப் பக்கமும் கான்சாகிபு கதை ஏதாவது இருந்தா எழுதுங்க மக்களே. திருச்சி, பாளையங்கோட்டைக்காரங்க கண்டிப்பா!