விடுதியும் விருந்தும்

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓரதிகாரம் உண்டு. அதிலுள்ள குறள்களிற் பெரும்பாலானவை விருந்தளிப்போரின் கடமையையும், அதனால் அவர்கள் அடையும் பேற்றையும் கூறுவன. அதிகாரத்தின் இறுதிக் குறளோ விருந்தினரின் மனத்தை எண்ணிப் பார்க்கின்றது. அனிச்சப்பூவிலும் மெல்லியது அம்மனம் என்றும், வீட்டாரின் முகம் சற்று வேறுபட்டாலே அது வாடிவிடும் என்றும் உணர்த்துகின்றது. பாடசாலையில் இக்குறளை மனனஞ்செய்து புள்ளி பெற்றவர்களுள் நானும் ஒருத்தி. எனினும், 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கொழும்பில் ஒரு விடுதி அறையைத் தெரிவுசெய்யும் மிகச் சாதாரணமான பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தபோதுதான் அதன் பொருள் எனக்குப் புலப்படலாயிற்று.

கனடாவில், ஸ்காபரோவில் வாழும் என் பெரியம்மா நல்லூர்த் திருவிழாவுக்கு வர முடிவு செய்திருந்தார். யாழ்ப்பாணம் செல்லுமுன் சில பத்திர அலுவல்களுக்காக மூன்று இரவுகள் கொழும்பில் தங்கவேண்டும். குடும்பத்திற் சிங்களம் பேசத் தெரிந்தவளும், விடுமுறையில் இருந்தவளும் நானே என்பதால் அறை பார்க்கும் வேலை எனக்கு விதிக்கப்பட்டது. பெரியம்மாவின் நிபந்தனைகள் தெளிவானவை. நகரின் நடுப்பகுதி வேண்டாம். பாதுகாப்பான புறநகராக இருக்கவேண்டும். ஐந்து நட்சத்திர ஆடம்பரம் வேண்டாம். ஆயினும் பல கிளைகளையுடைய, பெயர் அறியப்பட்ட விடுதியாக இருக்கவேண்டும். நான்காவது நிபந்தனை தனி வரியில் இருந்தது: வெள்ளவத்தை வேண்டாம்.

இந்த நான்காவது நிபந்தனையே வீட்டிற் கலகத்தை உண்டாக்கியது. வெள்ளவத்தையில் என் மாமா இருக்கிறார். பெரியம்மாவின் உடன்பிறந்த தம்பி. தொடர்மாடியின் மூன்றாந் தளத்தில் மூன்று அறைகள் கொண்ட வீடு. அக்கா வருகிறா என்று கேள்விப்பட்ட அன்றே மாமி ஓர் அறையை ஒதுக்கிப் புதுத் திரைச்சீலையும் தைத்துப் போட்டிருந்தார்.

"அண்ணை வெள்ளவத்தையிலை இருக்க, அக்கா காசு குடுத்து ஹோட்டலிலை நிக்கிறதோ? கேக்கிற சனம் என்ன சொல்லும்?" என்று அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் வெடித்தார். மாமா கோபிக்கவில்லை. "என்ரை வீட்டிலை என்ன குறை எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு பிள்ளை" என்றார். அம்மாவின் கோபத்தைக் காட்டிலும் அந்தச் சொல் என்னை வருத்தியது. எங்கள் சமூகத்தில் உறவினர் வீடு இருக்க விடுதியில் தங்குவது வசதி பற்றிய செய்தியன்று. அந்த வீட்டைப் பற்றிய தீர்ப்பாகவே அது கொள்ளப்படுகின்றது.

அம்மா பின்னர் ஓர் இணக்கத்துக்கு வந்தார். அண்ணன் வீடு வேண்டாமெனில் வெள்ளவத்தையிலேயே ஒரு லொட்ஜ் பார்க்கலாம். நம்மவர் நடத்துவது, கூப்பிடு தூரத்தில் மாமா, சாப்பாட்டுக் கடைகளும் கோயிலும் அருகில். அது நியாயமான யோசனையாகவே எனக்குப் பட்டது. யுத்தகாலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து கொழும்பு வந்த தமிழருக்கு லொட்ஜ் வெறும் தங்குமிடமாக இருக்கவில்லை. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தோரும், வைத்தியசாலைக்கு வந்தோரும், காணாமற் போன பிள்ளையைத் தேடி வந்தோரும் அங்குதான் மாதக்கணக்கில் இருந்தனர். ஆனால் அந்த லொட்ஜுகளின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் பிரதமரும் வருத்தந் தெரிவித்தார். நம்மவர் திரண்டிருக்கும் இடம் நமக்குப் பாதுகாப்பானது என்பது எங்கள் நம்பிக்கை. திரண்டிருந்தமையாலேயே அன்று அவர்களை எளிதிற் கண்டுபிடிக்க முடிந்தது.

அப்படியானால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? விலையில் இருக்கிறதென்று சொல்ல இயலாது. 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களோடு கொழும்பின் ஐந்து நட்சத்திர விடுதிகள் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. சிறுமையில் இருக்கிறதென்றும் சொல்ல இயலாது. அன்று பிற்பகலிலேயே தெகிவளையில், மிருகக்காட்சிச்சாலைக்கு அருகிலிருந்த சிறு தங்குவிடுதியொன்றிலும் குண்டு வெடித்தது. அதுவும் புறநகரே.

ஒரே பெயரிற் பல ஊர்களில் இயங்கும் தொடர் விடுதிகளைப் பற்றி அக்காலத்தில் நான் சிறிது வாசித்தேன். 1951இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தைச் சேர்ந்த கெமன்ஸ் வில்சன் என்பவர் மனைவியுடனும் ஐந்து பிள்ளைகளுடனும் வொஷிங்டனுக்குக் காரிற் சென்றார். வழியிலிருந்த விடுதிகள் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு டொலர் மேலதிகமாக அறவிட்டமை அவருக்குச் சினமூட்டியது. அடுத்த ஆண்டே மெம்பிஸில் முதலாவது 'ஹொலிடே இன்' விடுதியைத் திறந்தார். எந்த ஊரிலும் ஒரே அளவான அறை, ஒரே வகையான ஒழுங்கு, எதிர்பாராத கட்டணம் எதுவுமில்லை என்பதே அவ்விடுதிகளின் வெற்றிக்குக் காரணமாயிற்று. வியப்பு எதுவும் நேராதென்ற உறுதியைத்தான் அவை விற்றன.

ஆனால் அந்த உறுதியும் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. அக்காலத்துத் தென் மாநிலங்களின் தெருவோர விடுதிகள் பெரும்பாலானவற்றில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. விக்டர் ஹியூகோ கிறீன் என்ற கறுப்பின அஞ்சல் ஊழியர் தம்மினத்தவரை ஏற்றுக்கொள்ளும் விடுதிகளையும் உணவகங்களையும் பட்டியலிட்டு 1936 முதல் ஒரு கைந்நூலை வெளியிட்டு வந்தார். 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் வரும்வரை அந்நூல் பலருக்கு வழித்துணையாக இருந்தது. பாதுகாப்பான விடுதி எது என்ற வினா 'யாருக்கு' என்ற சொல்லின்றி முழுமை பெறாது என்பதை நான் அதிலிருந்து அறிந்துகொண்டேன்.

இறுதியிற் கல்கிசையில் ஒரு விடுதியைத் தெரிந்தேன். காலி வீதிக்கு அண்மையது; நூறாம், நூற்றொராம் இலக்கப் பேருந்துகள் அருகே நிற்கும்; கரையோரப் புகையிரத நிலையமும் நடக்கும் தூரத்தில் உள்ளது. பெரியம்மாவின் முழங்காலுக்காக மின்தூக்கி உண்டா என்று கேட்டேன். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களைக் கண்டவள் என்பதால் மின்பிறப்பாக்கி பற்றியும் விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் சிங்களத்திற் பணிவாக விடையளித்த அலுவலர் பின்பு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: தங்குபவர் உள்நாட்டவரா, வெளிநாட்டவரா? இருவருக்கும் கட்டணம் வேறு. யாழ்ப்பாணத்திற் பிறந்தவர், கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றேன். கடவுச்சீட்டு எந்நாட்டினதோ அந்நாட்டவரே என்றார். அவர் தம் வேலையைச் செய்தார். ஆயினும், பெரியம்மா யார் என்ற கேள்விக்கு இத்தனை சுருக்கமான விடையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் பேராதனையிலிருந்து புகையிரதத்தில் வந்து பெரியம்மாவுடன் தங்கினேன். அறை வெள்ளைச் சுவரும் வெள்ளை விரிப்புமாக, எவருடைய நினைவும் ஒட்டாததாக இருந்தது. சுவரில் ஒரு கடற்கரைப் படம். அது எந்தக் கடற்கரையாகவும் இருக்கலாம். எனக்கு அது வெறுமையாகத் தோன்றியது. பெரியம்மாவோ கதவைப் பூட்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, நீண்ட மூச்சு விட்டுக் கட்டிலில் அமர்ந்தார். மாமா கேட்கச் சொன்ன கேள்வியை அன்றிரவு கேட்டேன்.

"தம்பியின்ரை வீட்டிலை ஒரு குறையும் இல்லைப் பிள்ளை" என்றார். சிறிது நேரங் கழித்து, "இரத்மலானை இதிலையிருந்து கிட்டத்தானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். அதன் பின்னரே அவர் பேசத் தொடங்கினார்.

1983இல் பெரியம்மாவுக்கு இருபத்துநான்கு வயது. கொழும்பில் எழுதுவினைஞராக வேலை. வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் வாடகை அறை. யூலை 25ஆந் திகதி அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் அவரைப் பின்வேலியால் அழைத்துச் சென்று, பழஞ் சாமான்கள் போட்டிருந்த அறையில் நான்கு நாட்கள் ஒளித்து வைத்திருந்தனர். பின்னர் இரத்மலானையில் அகதிமுகாம். அங்கிருந்து கப்பலிற் காங்கேசன்துறை. இவ்வளவும் குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கதையே. அறியாத பகுதியை அன்று சொன்னார்.

"அவை நல்ல சனம். ஒரு சொல்லுக் குறைச்சுச் சொல்லேல்லை. அந்த அம்மா மூண்டு நேரமும் கோப்பையிலை சோறு போட்டுக் கொண்டுவந்து தருவா. ஆனால் வாசலிலை ஆரும் தட்டினால் நான் அவவின்ரை முகத்தைத்தான் பாப்பன். அந்த முகம் மாறும். என்னிலை வெறுப்பில்லை, பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் நான். நாலு நாளும் நான் அந்த முகத்தைப் பாத்துக்கொண்டுதான் சாப்பிட்டனான். அதுக்குப் பிறகு ஆற்றை வீட்டிலை நிண்டாலும், கதவு தட்டுப்பட்டால் வீட்டுக்காரரின்ரை முகத்தைப் பாக்கிறன். கனடாவிலை முதல் ஆறு மாசம் மச்சாள் வீட்டிலையும் அப்பிடித்தான். இஞ்சை காசு குடுத்தால் திறப்புத் தருவினம். ஒருத்தற்றை முகத்தையும் பாக்கத் தேவையில்லை."

நான் பாதுகாப்பான புறநகரைத் தேடியபோது வீதி விளக்குகளையும் காவலாளியையும் வாயிற்கதவையும் எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியம்மா தேடியது நன்றிக்கடன் ஏற்படாத ஓர் இடத்தை. உயிரைக் காத்த அன்புங்கூட மனிதரிடம் இத்தகையதொரு வடுவை விட்டுச் செல்லும் என்பது எனக்குப் புதியது. அக்குடும்பத்தினர் செய்ததிற் குறை காண ஒன்றுமில்லை. குறை, ஒரு பெண்ணுக்குச் சோறிடுவது உயிராபத்தாக மாறிய அந்த நாட்களுடையது.

அடுத்த நாள் மாலை இருவரும் பேருந்தில் வெள்ளவத்தை சென்றோம். பெரியம்மா என்னை அந்த ஒழுங்கைக்கு அழைத்துச் சென்றார். அயல்வீடு இருந்த காணியிற் தொடர்மாடி எழுந்து நின்றது. காவலாளியிடம் பழைய வீட்டாரின் பெயரைச் சொல்லி விசாரித்தோம். அவருக்குத் தெரியவில்லை. பெரியம்மா சற்று நேரம் நின்று, கையிற் கொண்டுவந்திருந்த பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. பின்பு, "சரி, தம்பி வீட்டை போவம்" என்றார்.

மாமி இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் சமைத்திருந்தார். பெரியம்மா மறுக்காமல் வேண்டிய அளவு சாப்பிட்டார். தம்பியோடு பழைய கதைகள் பேசிச் சிரித்தார். இடையில் அழைப்புமணி ஒலித்தது. கீழ்த்தளத்துப் பிள்ளை ஒன்று எதையோ இரவல் கேட்டு வந்திருந்தது. அந்தக் கணத்தில் நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெரியம்மா மீண்டும் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். ஒன்பது மணிக்கு மாமாவே எங்களைக் கல்கிசையிற் கொண்டுவந்து விட்டார். புதுத் திரைச்சீலையைப் பற்றி எவரும் பேசவில்லை.

அன்றிரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, பெரியம்மா சொன்னவற்றை அவருடைய அனுமதியோடு சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. 1983இல் அம்மாவுக்குப் பத்து வயது. கப்பலால் இறங்கி வந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தது அவருக்கு நினைவிருந்திருக்கவேண்டும். சனம் என்ன சொல்லும் என்று அவர் மீண்டும் கேட்கவில்லை. கடைசியாக ஒன்றே கேட்டார்:

"அறையிலை சுடுதண்ணி வருதோ, பிள்ளை?"

வருகிறது என்றேன்.