இறுகிய மணல்

கருங்குழி என்றதும் வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்கிற ஊரா என்று கேட்பார்கள். அது கடலூர் மாவட்டத்துக் கருங்குழி. இது மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், ஜிஎஸ்டி ரோட்டு மேல இருக்கிறது. கடலைப் பார்க்க இங்கிருந்து கல்பாக்கம் பக்கம் போக வேண்டும். ஆனால் என் அத்தை பையன் கடலைக் கூடத்திலேயே வைத்திருக்கிறான். நாலடிக் கண்ணாடித் தொட்டி, இரண்டு நீமோ மீன், பொத்தான் மாதிரி விரிகிற கொஞ்சம் மென்பவளம், அடியில் இரண்டு அங்குலம் வெள்ளைப் பவள மணல். சம்பளத்தில் பாதி அதற்குள்தான் போகிறது என்பது அத்தையின் கணக்கு.

போன சித்திரையில் போன் பண்ணினான். "அக்கா, மண்ணு கல்லாயிடுச்சு. விரலே இறங்க மாட்டேங்குது."

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். வீட்டில் எது பொங்கினாலும் திரிந்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். போய்க் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். சிமென்ட் தரையைத் தட்டுகிற சத்தம். பாசியும் பாக்டீரியாவும் ஒட்டவைத்த மணல் விரலில் நசுக்கினால் உதிர்ந்துவிடும். இது உதிரவில்லை.

கடல் தண்ணீர் சுண்ணாம்பைத் தன் அளவுக்கு மேலேயே கரைத்துச் சுமக்கிறது. லிட்டருக்குக் கால்சியம் 420 மில்லிகிராம், மக்னீசியம் 1,290 மில்லிகிராம் வாக்கில் இருக்கும். அவ்வளவு சுமந்தும் சட்டென்று படிந்துவிடாமல் இருப்பதற்கு மக்னீசியம் ஒரு பெரிய காரணம். வளரப் பார்க்கிற சுண்ணாம்புப் படிகத்தின் மேல் அது போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த அடுக்கு சேரவிடாமல் இடைஞ்சல் பண்ணும். மக்னீசியம் குறைந்து, காரத்தன்மையும் பிஎச்சும் ஏறினால், சுண்ணாம்பு இறங்க இடம் தேடும். பவள மணலே சுண்ணாம்புதான். அதன் ஒவ்வொரு பொடிமணியும் இறங்க வாகான இடம். இரண்டு மணிக்கு நடுவில் படிந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ராமேஸ்வரம் கரையில் மணல் இறுகிப் பாறையாகிக் கிடப்பதும் இதே வேலைதான். மாமல்லபுரத்துப் பாறையை இதில் சேர்க்காதீர்கள், அது கருங்கல்.

அவன் தொட்டியில் காரத்தன்மை 14 டிகேஎச்சைத் தாண்டியிருந்தது. கடலில் அது 7 வாக்கில்தான் இருக்கும். மக்னீசியம் 1,050.

"என்னடா போடற?"

"கடையில சொன்னாங்கக்கா. தினமும் கால்சியம் பவுடர் ஒரு ஸ்பூன், பஃபர் ஒரு ஸ்பூன்."

இரண்டையும் ஒன்றாக, அதுவும் தண்ணீர் ஓட்டமில்லாத மூலையில் கொட்டியிருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது கடைக்காரர் மேல்தான். கல்பவளம் இருந்தால் அது கால்சியத்தை உறிஞ்சி எலும்புக்கூடு கட்டும். இவன் வைத்திருப்பது மென்பவளம், பெயருக்குத்தான் தின்னும். தின்ன ஆளில்லாத வீட்டில் தினமும் சமைத்தால் என்ன ஆகும்? எல்லாம் மணலுக்குப் போனது.

இன்னொன்றும் இருந்தது. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்ததை அத்தை போர் தண்ணீரால் நிரப்பியிருக்கிறார். அந்த வீட்டுக் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாலே போதும், வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். தொட்டி ஹீட்டரின் மேலும் அதே பொருக்கு.

பவுடர்களை நிறுத்தச் சொன்னேன். குறைவதற்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும். வாரம் பத்தில் ஒரு பங்கு புது உப்புத்தண்ணீர், மக்னீசியத்தைப் பல நாளில் மெல்ல 1,300க்கு ஏற்றுவது. இனி எதைச் சேர்த்தாலும் அளந்து பார்த்து, குறைந்திருந்தால் மட்டும், கரைத்து, ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில், கால்சியமும் பஃபரும் வேறு வேறு நேரத்தில். சுண்ணாம்புத் தெளிநீர் விடுகிறவர்களும் உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு தெளிந்த தண்ணீர்தான், பிஎச் 12க்கு மேல். அதை இரவில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். பாசிகளின் ஒளிச்சேர்க்கை நின்று தொட்டியின் பிஎச் இறங்கியிருக்கும் நேரம் அது.

மணலை யார் கிளறுவது என்பதுதான் மிச்சமிருந்தது. கடலில் அதைச் செய்கிறவற்றில் முக்கியமானது கடல் அட்டை. மணலை விழுங்கி, அதிலுள்ளதைத் தின்று, மணலைச் சுத்தமாக வெளியே விடும். மன்னார் வளைகுடாவில் பிடித்து, அவித்துக் காயவைத்துச் சீனச் சந்தைக்கு அனுப்பினோம். 2001இல் கடல் அட்டையும் கல்பவளமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, புலி இருக்கிற அதே பட்டியல். அதற்குப் பிறகும் கடத்தல் நிற்கவில்லை. பவளத்தையும் விடவில்லை. பல ஆண்டுகள் அதை வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுத்ததில், தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன.

அவனுக்கு ஒருத்தர் கடல் அட்டை தருவதாகச் சொல்லியிருந்தார். போட்டோகூட அனுப்பியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா?"

"அது தொட்டிக்குள்ள செத்தா விஷம் விடும்டா, மீனும் போயிடும். போலீஸ் கதை தனி."

அரைமணி நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அந்த போட்டோவை அழித்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே கடல் அட்டை. மூங்கில் குச்சியால் கால் பங்கு மணலை மட்டும் கிளறுவான், அடுத்த வாரம் அடுத்த கால் பங்கு. மொத்தமாகக் கிளறினால் அடியில் கறுத்துக் கிடக்கும் மணலிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி மீன்களைக் கொன்றுவிடும். இறுகிய பாளங்களைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தாயிற்று. ஒன்றை அத்தை துளசி மாடத்தில் முட்டுக் கொடுக்க வைத்திருந்தார். உப்பு இறங்கும், எடுத்துடுங்க அத்தை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.