பதினோராவது பேர்

"முதல்ல பதினொரு பேரையும் எழுது. பிறகு சண்டை பிடிப்பம்."

2020 நவம்பர் கடைசி. கீரிமலைக் கேணிக்குப் பக்கத்துக் கட்டில், கடலைப் பார்த்தபடி ஆறு பேர் இருந்தோம். கொரோனா காலம், குளிக்க வாற சனம் இல்லை. வானம் மூடிக்கிடந்தது. என்ட மடியில ஒரு பழைய ரியூசன் கொப்பி. அதின்ட பின் ஒற்றையில் ஜவ்னா ஸ்டாலியன்ஸ் அணிக்கு ஆள் தெரிவு செய்துகொண்டிருந்தோம். எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த அணியின் பயிற்றுநருக்குக் கீரிமலை எந்தத் திசையில் இருக்கு என்பதே தெரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு மணித்தியாலமாக அடிபாடு.

லங்கா பிரீமியர் லீக்கின் முதல் வருசம் அது. ஐந்து அணிகள். எல்லா ஆட்டமும் ஹம்பாந்தோட்டையில், பார்வையாளர் இல்லாத மைதானத்தில். எங்கட ஊரின்ட பேரைப் போட்ட சேட்டோட ஆக்கள் ரிவியில ஓடித்திரியிறதைப் பார்க்கிறதே எங்களுக்குப் புதினம். ஆனால் சேட்டுக்குள்ள இருந்தது ஆர்? திசர பெரேரா தலைவர். அவிஷ்க பெர்னாண்டோ, தனஞ்சய டி சில்வா, வனிந்து ஹசரங்க, சுரங்க லக்மால். வெளிநாட்டில இருந்து சொயிப் மலிக், கைல் அபொட் மாதிரியான ஆக்கள். ஒரு ஆட்டத்தில் நாலு வெளிநாட்டு வீரர்கள்வரை விளையாடலாம். இப்படிப் போட்டுக்கொண்டு போனால் பத்துப் பேர் சண்டையில்லாமல் நிரம்பிவிடும்.

சண்டை பதினோராவது பேரில்.

குழாமில் எங்கட பக்கத்துப் பெடியள் இருந்தார்கள். விஜயகாந்த் வியாஸ்காந்த், கனகரத்தினம் கபில்ராஜ், தெய்வேந்திரம் டினோசன். குழாமில் பேர் இருக்கிறது வேறு, பதினொருவரில் பேர் இருக்கிறது வேறு. அதிலும் வியாஸ்காந்துக்கு வந்தது பெரிய சிக்கல். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பெடியன், பதினெட்டு வயது, லெக் ஸ்பின் போடுறவர். அதே அணியில் நாட்டிலேயே பேர்போன லெக் ஸ்பின்னர் ஹசரங்க.

"ஹசரங்க இருக்கேக்க இன்னொரு லெக் ஸ்பின்னர் என்னத்துக்கு?" எண்டு கேட்டது நான்தான். "ஊர்ப்பெடியன் எண்டதுக்காகப் போட்டா அது அவருக்கே அவமானம். திறமைக்குத்தான் இடம். நாளைக்கு அவர் அடிவாங்கினா, பாத்தியா, சலுகையில வந்தவர் எண்டுதான் சொல்லுவாங்கள்."

எங்களுக்குள்ள மூத்தவர் ஓட்டோ ஓடுற ஒரு அண்ணா. அவர் விடவில்லை.

"எதை வச்சு நீ திறமையை அளக்கிறாய்? ஹசரங்கவிட்ட எத்தினை மட்ச் கணக்கு இருக்கு! இவனிட்ட எங்க கணக்கு? மட்ச் குடுத்தாத்தானே கணக்கு வரும். கணக்கு இருந்தாத்தான் மட்ச் குடுப்பன் எண்டு நீ சொன்னா, அவன் எங்கயடா போறது?"

"அதுக்கு இது பள்ளிக்கூட மட்ச் இல்லை அண்ணா, காசு போட்டு நடத்திறாங்கள்."

"அப்ப யாழ்ப்பாணம் எண்ட பேரை என்னத்துக்குப் போட்டவங்கள்? பேருக்குக் காசு குடுத்தவங்களே?"

நாலு பேரும் நாலு பக்கம் கத்தினார்கள். சின்னவன் மட்டும் வாய் திறக்கவில்லை. என்ட பெரியம்மாவின்ட கடைசி மகன். கட்டின்ட விளிம்பில் இருந்து கடலுக்குள்ள சின்னக் கல்லுகளாக எறிந்துகொண்டிருந்தான். அவன் ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்.

அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கட ஊர் அணிக்கு 'தெரிவு' என்று ஒன்று இருந்ததே இல்லை. 1990இல் சனம் இடம்பெயர்ந்தபோது அப்பாவின்ட காலத்து அணியும் சிதறிப்போனது. ஆள் ஒரு பக்கம், பற் ஒரு பக்கம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடக்க, நான் மல்லாகம் பக்கம் பிறந்து வளர்ந்தவன். நிலம் துண்டு துண்டாக விடுபட்டு, குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து பற்றை வெட்டி வீடு கட்டின பிறகுதான் திரும்பவும் ஒரு அணி. அதுக்கும் பதினொரு பேர் சேர மாட்டார்கள். நாற்பது தாண்டின மாமா ஒருத்தர் விக்கெட் காப்பாளர். ஒன்பதாம் வகுப்புப் பெடியள் இரண்டு பேர் எல்லைக்கோட்டில். மைதானத்துக்கு வாறவன் எல்லாம் ரீம். பந்து பற்றைக்குள்ள போனால் எடுக்கப் பயப்படாதவன் சிறந்த வீரன்.

சின்னவன் அப்படித்தான் சேர்ந்தான். நல்லாப் பந்து பிடிப்பான், அவசரத்துக்கு ஒரு ஓவர் போடுவான். துடுப்பெடுக்கக் கடைசியாகத்தான் போவான். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் ஒரு ஆட்டத்துக்கும் வராமல் விட்டதில்லை.

2019இல் ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டியில் இறுதிக்கு வந்தோம். எங்கட ஊருக்கு அது பெரிய விசயம். இறுதிக்கு முதல் நாள் இரவு ஆரோ ஒரு யோசனை சொன்னார்கள்: வெளியில் இருந்து இரண்டு பேரை எடுப்பம். போட்டி விதியில் அதுக்கு இடம் இருந்தது. மற்ற அணிகளும் எடுக்கிறதுதான். நான் தலைவன். இரண்டு பேரை எடுத்தால் இரண்டு பேரை நிப்பாட்ட வேணும். மாமா தானாகவே "எனக்கு முழங்கால் ஏலாது" என்று விலகிக்கொண்டார். மற்றப் பேரைச் சின்னவனுக்கு நேரே கோடு போட்டு வெட்டினது நான்.

விடியத்தான் அவனிடம் சொன்னேன். "நீ அடுத்தமுறை விளையாடு, என்ன." அவன் "ஓம் அண்ணா" என்றான். பிறகு தண்ணிப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு வந்தான்.

வென்றோம். வெளியில் இருந்து வந்தவர்களில் ஒருத்தர்தான் ஆட்டநாயகன். அவர் பரிசை வாங்கின கையோட மோட்டார் சைக்கிளில் ஏறி, பின்னேரம் இன்னொரு ஊரில் இன்னொரு அணிக்கு விளையாடப் போய்விட்டார். அணியின் படம் எடுக்கேக்க ஆள் இல்லை. அந்தப் படம் இப்பவும் சனசமூக நிலையத்துச் சுவரில் தொங்குது. ஓரத்தில் சின்னவன், கையில் தண்ணிப் போத்தல். அடுத்தமுறை விளையாட அவன் வரவில்லை. கூப்பிட்டால் "ரியூசன் இருக்கு" என்பான்.

இதுதான் 'திறமைக்குத்தான் இடம்' என்று நான் கத்தினதின்ட பின்கதை. அன்றைக்குக் கட்டில் இருந்து நான் வாதாடினது ஹசரங்கவுக்காக இல்லை. நான் செய்தது சரி என்று ஆராவது சொல்ல வேணும் என்பதுக்காக.

டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. யாழ்ப்பாணம் வெள்ளத்துக்குள்ள கிடந்தது. 4ஆம் திகதி எங்கட பக்கம் கரண்ட் இல்லை. ஓட்டோ அண்ணா வண்டியின்ட பற்றரியில் போனைச் சார்ச் ஏற்றி வைத்திருந்தார். அவர் வீட்டு விறாந்தையில் ஒரு சின்னத் திரையைச் சுற்றித் தலையோட தலை முட்டிக்கொண்டு இருந்தோம். அன்றைக்குக் கொழும்பு கிங்ஸோட ஆட்டம். பதினொருவரில் வியாஸ்காந்தின் பேர்.

அவர் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவர வெளிக்கிட்டபோது ஒருத்தரும் மூச்சு விடவில்லை. போன் இடையில் நின்று நின்று ஓடினது. அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை அவர் எடுத்தார். அடுத்த நாள் அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். விறாந்தையில் எழும்பின சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா லாம்போட ஓடிவந்தா. அன்றைய ஆட்டத்தின் முடிவு எங்களுக்குப் பெரிசாகப் படவே இல்லை.

எனக்கு ஞாபகம் நிற்கிறது விக்கெட்டும் இல்லை. அதுக்கு முன்னம், தலைவர் பந்தை அவரின் கையில் கொடுத்த அந்த நேரம், எனக்குப் பின்னால நின்ற சின்னவன் மெதுவாகச் சொன்னது.

"குடுத்திட்டாங்கள் அண்ணா."

அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இதோட நான் தோத்தேன், ஓட்டோ அண்ணா வென்றார் என்று முடித்தால் அது பொய். டிசம்பர் 16ஆம் திகதி ஜவ்னா ஸ்டாலியன்ஸ் காலி அணியை வென்று சம்பியன் ஆனது. 17 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனவர் ஹசரங்க. அவர் இல்லாமல் அந்தக் கிண்ணம் இல்லை. அதேபோல, அந்த வெளியாள் இல்லாமல் எங்கட கிண்ணமும் இல்லை. ஒரு அணி வெல்லத்தான் விளையாடுது. அதை மறந்து 'எங்கட ஆள்' என்று மட்டும் பேசினால் அதுவும் கனநாள் நிற்காது.

ஆனால் நான் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. திறமை என்று நாங்கள் சொல்லுறது, ஒருத்தருக்கு அதுவரை கிடைத்த வாய்ப்புகளின் கூட்டுத்தொகையும்தான். ஹசரங்க படித்தது காலி றிச்மன்ட் கல்லூரியில். தென்பகுதிப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் புல்தரை ஆடுகளமும் வருசம் முழுக்க ஆட்டமும் உண்டு. எங்கட பக்கம் கனகாலமாக மற்றிங்தான். மற்றிங்கில் பந்து எழும்புற விதம் வேறு, திரும்புற விதம் வேறு. அதில் பழகினவனைக் கொண்டுபோய்ப் புல்லில் விட்டு, ஒரு நாளில் அளந்து பார்த்துவிட்டு "காணாது" என்று சொல்லுறது அளவுகோலின் பிழை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வியாஸ்காந்த் இலங்கை அணிக்கு விளையாடினார். 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் எடுத்து வைத்திருந்த ஒரு இலங்கை லெக் ஸ்பின்னர் குதிக்காலில் காயப்பட்டு வர முடியாமல் போனார். அவருக்குப் பதிலாக இன்னொரு இலங்கை லெக் ஸ்பின்னரை எடுத்தார்கள். காயப்பட்டவர் ஹசரங்க. பதிலாகப் போனவர் வியாஸ்காந்த்.

"ஹசரங்க இருக்கேக்க இவர் என்னத்துக்கு" என்ற என்ட கேள்விக்கு நாலு வருசம் கழித்து வந்த பதில். ஓட்டோ அண்ணா எனக்கு அந்தச் செய்தியை அனுப்பி, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

மே 8ஆம் திகதி லக்னோவோட அவருக்கு முதல் ஐபிஎல் ஆட்டம். நாலு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. ஹைதராபாத் 166 ஓட்ட இலக்கை விக்கெட் இழப்பில்லாமல் 9.4 ஓவரில் அடித்து முடித்த ஆட்டம் என்றுதான் உலகம் அதை ஞாபகம் வைத்திருக்கும். எங்களுக்கு அது அந்த நாலு ஓவர் நடந்த ஆட்டம்.

"பாத்தியா, திறமை இருந்தா ஆரும் போகலாம்" என்று இப்ப அவரைக் காட்டிச் சொல்லுறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020, 2021, 2022, 2024 என்று யாழ்ப்பாணத்தின் பேரில் நாலு தரம் கிண்ணம் வந்திட்டுது. அந்தப் பேரில் ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். ஒருத்தர் மதிலைத் தாண்டினதைக் காட்டி மதிலே இல்லை என்று சொல்ல ஏலாது.

போன வருசம் ஆடி அமாவாசைக்குப் பிறகு, சனம் குறைந்த ஒரு பின்னேரம், கேணியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது சின்னவனிடம் கேட்டேன். இப்ப அவன் சுன்னாகத்தில் ஒரு கடையில் வேலை.

"அண்டைக்கு உன்னை வெட்டினது பிழைதான், என்னடா?"

அவன் கொஞ்ச நேரம் துவாயைப் பிழிந்தான்.

"கப் இருக்குத்தானே அண்ணா," என்றான்.

அவன் மன்னித்தானா, குத்தினானா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் அதுக்குப் பிறகு ஊர் அணியில் ஒரு விதி வைத்தோம்: முதல் சுற்றில் விளையாடினவன் இறுதியிலும் விளையாடுவான். வெளியாள் வேணுமென்றால் முதல் ஆட்டத்தில் இருந்தே வர வேணும். அந்த விதியோட போன முதல் போட்டியில் அரையிறுதியில் தோத்தோம். சின்னவன் அதில் ஒரு பிடியை விட்டான். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போட்டிக்கும் அவன் வந்தான்.

போன கிழமை திரும்பவும் அதே கட்டில் இருந்து ஒரு பட்டியல் எழுதினோம். இந்தமுறை பேனை சின்னவனின் கையில். அவன் ஒன்று தொடக்கம் பதினொன்று வரை இலக்கம் போட்டுவிட்டு, எழுதத் தொடங்கினது பதினோராவது இடத்தில் இருந்து.